பொங்கோலில் ஒரு பள்ளத்தாக்கு பிறந்த மத்தியானம்

என் மகனைத் திரும்ப ஊருக்குக் கூட்டிவந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினேன். வீட்டுக்காரரிடம் சொன்னது, “பொண்ணு வீட்டுல பேசிட்டு வர்றேன்” என்று. அவருக்கு முழங்கால் வலி. விமானத்தில் அத்தனை நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. “நீயே போய்ப் பேசு. நான் வந்தா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துருவேன்” என்றார். தன்னைப் பற்றி அவருக்கு நன்றாகவே தெரியும்.

செழியன் எங்களுக்கு ஒரே பிள்ளை. சிங்கப்பூரில் மென்பொருள் வேலை. செங்காங்கில் நண்பர்கள் இருவரோடு ஒரு வீட்டைப் பகிர்ந்து குடியிருக்கிறான். கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனான். பிறகு ஃபோன் பேச்சில் பவித்ரா என்ற பெயர் அடிக்கடி வரத் தொடங்கியது. அங்கேயே பிறந்து வளர்ந்த பெண். மூட்டு, தசை வலிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவர். அப்பா காலமாகிவிட்டார். அம்மா லெட்சுமிக்குப் பஸ்ஸில் வேலை.

“கண்டக்டரா?” என்று கேட்டேன்.

“இங்க கண்டக்டரே கிடையாதும்மா. அவங்கதான் பஸ்ஸை ஓட்டுறாங்க. கேப்டன்னு சொல்வாங்க.”

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் பக்கத்தில் மண் அரிப்பைத் தடுக்கும் அரசுப் பணியில் பொறியாளராக இருக்கிறேன். மழைத்தண்ணீர் ஓடி ஓடி, நிலம் முழுக்கப் பாகற்காய்த் தோல்போல வரிவரியாகக் கிழிந்து கிடக்கும் இடங்கள் எங்கள் பக்கம் உண்டு. ஓடைக்குக் குறுக்கே கல் அடுக்குவது, தடுப்பணை கட்டுவது, கரையில் வெட்டிவேர் நடுவது என்றே காலம் போய்விட்டது. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் தரையைத்தான் பார்க்கும். வீட்டுக்காரர் கோபுரத்தைக் காட்டும்போது நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியெங்கும் வெறும் மண் எங்காவது தெரிகிறதா என்று தேடினேன். புல், மரம், சிமென்ட், மறுபடி புல். மரத்தடியில்கூட மண் தெரியாமல் ஏதோ செடி வளர்த்து மூடியிருந்தார்கள். எனக்கு இந்த ஊரில் வேலையே கிடைக்காது என்று செழியனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதி தெரிந்தது. சண்டையோடு இறங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பான்போல.

ஜாலான் புசாரில் ஒரு சின்ன ஹோட்டலில் அறை எடுத்திருந்தான். கீழே குழாய், ஆணி, கயிறு விற்கும் கடை. மேலே நான். சன்னலைத் திறந்தால் இரும்புக் குழாய்களை லாரியிலிருந்து இறக்கும் சத்தம். பத்து எட்டு நடந்தால் லிட்டில் இந்தியா. மல்லிகைப்பூவும் சாம்பிராணியும் மீன் பொரிக்கும் வாசனையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. பெரம்பலூர் பேருந்து நிலையத்தில்கூட இத்தனை தமிழை ஒரே நேரத்தில் கேட்டதில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசையில் இருந்த சீனப் பெரியவர் வாழை இலையில் மீன் குழம்பைக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிமாறியவரைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில், “போன வாரம் ரசம் நன்றாக இருந்தது, இன்றைக்கு மிளகு குறைவு” என்று குறை சொன்னார். பரிமாறியவர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். “இவரு நாக்குக்கு பயந்துதான் மாஸ்டரு சமைக்கிறாரு” என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

அன்று மத்தியானமே மழை. சாப்பிட்டுவிட்டு வந்தவள் ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் ஒரு கூரைக்குக் கீழ் ஒதுங்கினேன். இரு கரையும் தரையும் சிமென்ட் போட்ட அகலமான கால்வாய். அடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முழங்கால் அளவானது, இடுப்பளவானது, பிறகு குதிரைக் கூட்டம்போலப் பாய்ந்தது. ஆனால் கரை கொஞ்சமும் அசையவில்லை. எங்கள் ஊரில் இப்படி ஒரு வெள்ளம் வந்தால் மறுநாள் காலை இரண்டு பேருடைய வயல் காணாமல் போயிருக்கும். தண்ணீரை இவ்வளவு ஒழுங்காக நடக்கப் பழக்கியிருக்கிறார்களே என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதே நேரம் மனசுக்குள் ஒரு சின்னச் சந்தேகம். சிமென்ட் இல்லாத இடத்தில் இதே தண்ணீர் என்ன செய்யும்?

மறுநாள் லெட்சுமியையும் பவித்ராவையும் சந்தித்தேன். லெட்சுமி காலை வேலையை முடித்து, சீருடையோடு நேராக உணவகத்துக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். வெட்டிய முடி, வெயிலில் கறுத்த முன்கைகள், எதிரில் இருப்பவரை நேராகப் பார்க்கும் கண். பவித்ரா அமைதியான பெண். எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தாள். செழியன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். அதை நான் பார்த்துவிட்டேன். அவள்மேல் எனக்குப் பிரியம் வந்தது அப்போதுதான். ஆனால் பிரியம் வேறு, பிள்ளையை விட்டுக்கொடுப்பது வேறு.

“சாப்பாடு ஓகேவா?” என்று லெட்சுமி கேட்டார்.

“நல்லாருக்கு. எங்க வீட்டுல புளி கொஞ்சம் கூட இருக்கும்.”

“இங்க எல்லாமே கொஞ்சம் இனிப்பாதான் இருக்கும் லா. பழகிரும். செழியனுக்குப் பழகிருச்சு.”

‘லா’ அந்த ஊர்ப் பேச்சின் வால். எனக்குச் சுருக்கென்றது அந்தக் கடைசி வார்த்தை. அவர் வேண்டுமென்றே சொன்னாரா என்று தெரியவில்லை. நான் மோரைக் குடித்துவிட்டு, அவன் சீக்கிரம் ஊருக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான் என்றேன். லெட்சுமி இலையை மடித்தார். அதற்குப் பிறகு இருவரும் வெயிலைப் பற்றி மட்டும் பேசினோம்.

மூன்றாம் நாள் லெட்சுமிக்கு ஓய்வு நாள். பொங்கோலில் அவர் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். செழியன் அலுவலகத்திலிருந்து நேராக வருவதாக ஏற்பாடு. நான் தனியாக ரயிலேறி, செங்காங்கில் அவன் அறை நண்பர்களிடம் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போக நினைத்தேன். அங்கேதான் வம்பு. நிலையத்தின் மேல்தளத்திலிருந்து ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில் ஒன்று வீடுகளுக்கு நடுவே போகிறது. அதில் ஏறி உட்கார்ந்தேன். யாரும் ஓட்டாமல் அது தானாகத் திரும்பி, தானாக நின்று, தானாகக் கதவைத் திறப்பதைப் பார்க்கப் பயமும் சிரிப்புமாக இருந்தது. நான் இறங்க வேண்டிய பெயர் வரவேயில்லை. கடைசியில் ஏறிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. வட்டமாகச் சுற்றும் பாதைகள் இரண்டாம். நான் ஏறியது மற்றது. எதிர் இருக்கையில் இருந்த இளம்பெண் தன் தோழியிடம் ஆங்கிலத்தில், “இந்த ஆன்ட்டி சும்மா ஒரு ரவுண்டு வந்தாங்க, ஜாலியா இருக்காங்க” என்றாள். நான் ஜாலியாக இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பொங்கோலுக்கே போய்விட்டேன்.

லெட்சுமி வீடு உயரத்தில் இருந்தது. சமையலறைச் சன்னலிலிருந்து நிலத்துக்குள் நீளும் கடல்கிளை ஒன்றும், அதற்கு அப்பால் மேகமும் தெரிந்தன. தேநீர் கொடுத்தார். பவித்ரா உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கும் சத்தமே வரவில்லை.

“அவ காதை இங்கதான் வச்சிருக்கா,” என்று லெட்சுமி குரலைத் தாழ்த்தினார். “வாங்க, நாம அப்படியே நடந்துகிட்டே பேசுவோம்.”

ஆளுக்கொரு குடையோடு கிளம்பினோம். அடுக்கு வீடுகள் முடிந்து, இன்னும் எதுவும் கட்டாத புல்வெளி ஒன்று. அதைக் கடந்தால் தண்ணீர்க்கரை. அவர் ஓய்வு நாட்களில் நடக்கும் வழியாம். புல்லின் நடுவே ஆட்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை. அதற்கு மேல்பக்கம் எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய மண் மேடு, மேட்டுக்கும் பாதைக்கும் இடையில் ஆழமில்லாத ஒரு பள்ளம். பாதைக்குக் கீழே சரிவு. சரிவின் அடியில் பெரிய சிமென்ட் வாய்க்கால். அதை லெட்சுமி லோங்காங் என்றார். எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது.

சிங்கப்பூரில் நான் பார்த்த முதல் வெறும் மண் அது. மணல் கலந்த, பொலபொலவென்ற மண். குனிந்து ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். லெட்சுமி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“நான் நேரா சொல்றேன். கோவிச்சுக்காதீங்க,” என்று ஆரம்பித்தார். “செழியன் நல்ல பையன். எனக்கு அதுல டவுட்டே இல்ல. ஆனா அவன் வேலை பாஸ் முடிஞ்சு போச்சுன்னா? அரசாங்கம் புதுப்பிச்சுத் தரலன்னா? பவித்ராவையும் கூட்டிட்டு ஊருக்குப் போயிருவான். நான் இந்த வீட்டுல யாரு மூஞ்சியப் பாக்குறது?”

“அவன் அங்க வந்தா நாங்க என்ன பொண்ணைப் பட்டினியா போடப்போறோம்?”

“அப்படிச் சொல்லல லா. எனக்கு ஒரு வார்த்தை வேணும். ஊருக்கு வாங்கன்னு நீங்க அவங்கள எப்பவும் கூப்பிடக் கூடாது.”

“என் பிள்ளைய நான் கூப்பிட உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?”

குரல் உயர்ந்துவிட்டது. லெட்சுமி நின்றார். “அப்ப இந்தக் கல்யாணமே வேணாம்,” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று பாதையில் முன்னால் போனார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கோபத்தில் கால் நகரவில்லை. அப்போதுதான் மழை இறங்கியது.

அது தூறலில் தொடங்கும் மழை அல்ல. வாளியைக் கவிழ்த்ததுபோல ஒரேயடியாக வந்தது. குடை இருந்தும் இடுப்புக்குக் கீழே நனைந்தேன். முன்னால் லெட்சுமியின் சிவப்புக் குடை மங்கலாகத் தெரிந்தது. அவரும் மேற்கொண்டு போக முடியாமல் நின்றுவிட்டார். எங்கள் இருவருக்கும் நடுவே பாதையின் தாழ்வான இடம்.

மண் மேட்டைப் பார்த்தேன். மழைத்துளி ஒவ்வொன்றும் மண்ணில் விழுந்து துகளைத் தெறிக்கவைத்தது. தெறித்த துகள்களோடு தண்ணீர் மெல்லிய ஏடாக வழுக்கி இறங்கியது. பிறகு அந்த ஏடு பிரிந்து, விரல் அகலத்தில் நூல் நூலாகக் கோடுகள். ஒரு கோடு பக்கத்துக் கோட்டைவிட இம்மி ஆழம் அதிகமாக இருந்தால் போதும். பக்கத்துத் தண்ணீரும் அதற்குள் சாய்ந்துவிடும். தண்ணீர் கூடக் கூட அது இன்னும் ஆழமாகும். ஆழமாக ஆக இன்னும் தண்ணீர் வந்து சேரும். இத்தனை வருடமாக இதைப் பற்றி அறிக்கை எழுதியிருக்கிறேன். விவசாயிகளுக்குக் கூட்டம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் பார்த்ததெல்லாம் நடந்து முடிந்த நிலத்தைத்தான். மழை விட்ட பிறகுதான் ஜீப் கிளம்பும். நடந்துகொண்டிருக்கும்போது பார்த்தது இதுதான் முதல்முறை.

மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் பள்ளத்தில் தேங்கி, குளம்போல ஏறிக்கொண்டே வந்தது. பிறகு பாதையின் தாழ்வான இடத்தில் நாக்கு நீட்டியது. பாதையைத் தாண்டி, புல்லைத் தடவிக்கொண்டு, சரிவில் இறங்கி லோங்காங்குக்குள் விழுந்தது. ஒரு கை அகலம்கூட இருக்காது. தாண்டிப் போய்விடலாம். அவரிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது சரிவின் அடியில், வாய்க்கால் ஓரத்தில், புல்லோடு ஒரு மண் கட்டி உடைந்து விழுந்தது.

அந்த இடத்தில் ஒரு குட்டி அருவி உண்டாயிற்று. முழங்கால் உயரம்தான். விழுந்த தண்ணீர் சுழன்று, பின்னால் திரும்பி, தான் விழுந்த சுவரின் அடியையே குடைந்தது. வெறும் தண்ணீர் அவ்வளவு குடையாது. அது தூக்கிக்கொண்டு வந்த மணல்தான் அரம்போல ராவியது. அடி குழிந்ததும் மேலிருந்த கட்டி சரிந்தது. அருவி ஒரு முழம் மேலே நகர்ந்தது. மறுபடி குடைந்தது. மறுபடி சரிந்தது. எங்கள் வேலையில் இதை ஓடையின் தலை என்போம். ஊரில் எனக்குத் தெரிந்த ஓடைத்தலைகள் மழைக்காலம் ஒன்றுக்கு ஒரு முழம் நகர்ந்தால் நாங்கள் பதறிப்போய் கல் இறக்குவோம். இது என் கண்முன்னால், ஒரு விலங்கு மலையேறுவதுபோல, சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குடையை எப்போது மடக்கினேன் என்று நினைவில்லை. எவ்வளவு பெரிய மலையும், எத்தனை ஆழமான பள்ளத்தாக்கும் இப்படித்தானே உண்டாகியிருக்கும், யாரும் பார்க்காமல், இவ்வளவு சத்தத்தோடு!

தலை பாதையைத் தொட்டது. பாதை பிளந்தது. மேலே தேங்கியிருந்த குளம் முழுக்க அந்தப் பிளவில் வந்து கவிழ்ந்தது. ஒரு கை அகலம் இருந்தது ஓர் ஆள் அகலமானது, பிறகு ஒரு மாட்டுவண்டி அகலம். இருபுறமும் சுவர் செங்குத்தாக நின்றது. புல்லின் வேர்தான் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கடியில் மண் போய், வெறும் குடைவு.

அந்த விளிம்பின் எதிர்ப்பக்கம் லெட்சுமி வந்து நின்றார். அவருக்கு என் பக்கம் வந்துவிட வேண்டும். அவர் நின்ற புல்லுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. நான் நின்ற பக்கத்திலிருந்து எனக்கு அது தெரிந்தது. மேலே நின்ற அவருக்குப் பச்சைப் புல் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

“பின்னால போங்க!” என்று கத்தினேன். மழைச் சத்தத்திலும் தண்ணீர்ச் சத்தத்திலும் எனக்கே கேட்கவில்லை. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து வீசிக் காட்டினேன். போ போ என்று நான் காட்டியது அவருக்கு வா வா என்று தெரிந்திருக்கிறது. அவர் குடையைக் கீழே போட்டுவிட்டு, புடவையை... இல்லை, அவர் கால்சட்டைதான் போட்டிருந்தார். கால்சட்டையை முழங்காலுக்கு ஏற்றிவிட்டு, தாண்டுவதற்காக இன்னும் விளிம்புக்கு வந்தார்.

இன்னும் உரக்கக் கத்தினேன்.

“சம்பந்தி! சம்பந்தி, வேணாம்! கீழ மண்ணு இல்ல! பின்னால போங்க!”

கத்திக்கொண்டே நான் திரும்பி, என் பக்க விளிம்பிலிருந்து விலகி ஓடினேன். என்னைப் பார்த்தாவது அவருக்குப் புரியட்டும் என்று. கொஞ்ச தூரம் ஓடித் திரும்பிப் பார்த்தேன். லெட்சுமி தயங்கினார். பிறகு ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி. அவர் நின்றிருந்த புல் திட்டு, பாயை உருட்டுவதுபோல மடங்கி, சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது. அவர் போட்ட சிவப்புக் குடையும் கூடவே போனது. லோங்காங்கில் அது ஒருமுறை சுழன்றது, பிறகு காணோம்.

லெட்சுமி அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

மழை வந்த வேகத்திலேயே குறைந்தது. தண்ணீரின் இரைச்சல் அடங்கி, மறுகரைக் குரல் கேட்கத் தொடங்கியது.

“என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?” என்று அங்கிருந்து கேட்டார்.

“பின்னால போங்கன்னு சொன்னேன்.”

“அது இல்ல. அதுக்கு முன்னாடி.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, மழைத்தண்ணீரா, அங்கிருந்து தெரியவில்லை.

“நான் போயிருந்தா பவித்ராவுக்கு யாரும் இல்ல,” என்றார். “அதான் இப்ப மனசுல ஓடுச்சு. நான் தனியா ஆயிருவேன்னு இவ்வளவு நாள் பயந்தேன். அவ தனியா ஆயிருவான்னு நினைச்சே பாக்கல.”

“அவ தனியா ஆக மாட்டா. நாங்க இருக்கோம்,” என்றேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்ததால் மழுப்பவும் முடியவில்லை. “இங்க பாருங்க. ஊருக்கு வாங்கன்னு நான் கூப்பிட மாட்டேன். ஆனா அவங்களா வர்றோம்னு சொன்னா, நீங்க மறிக்கக் கூடாது.”

“மறிக்க மாட்டேன். ஆனா பவித்ரா ஃபோன்ல அழுதான்னா, அடுத்த ஃப்ளைட்டுல நான் அங்க நிப்பேன்.”

“வாங்க. எங்க வீட்டு முழங்கால் வலிக்காரருக்கும் அவ வைத்தியம் பார்க்கணும். அம்மாவும் பொண்ணுமா இருந்துட்டுப் போங்க.”

லெட்சுமி சிரித்தார். அந்த நேரம் தண்ணீர்க்கரைப் பக்கமிருந்து தூண்டிலும் வாளியுமாக ஒரு மலாய்ப் பெரியவர் வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், மலாயில் ஏதோ கேட்டார்.

“என்ன சொல்றாரு?”

“காலையில வரும்போது இங்க பாதை இருந்துச்சே, நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணீங்கன்னு கேக்குறாரு.”

லெட்சுமியும் அந்தப் பெரியவரும் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். நான் வந்த வழியே திரும்பி, பஸ் நிறுத்தத்தில் அவருக்காகக் காத்திருந்தேன். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை. ஒரு கையால் ஃபோனை எடுத்து, பாதை உடைந்துவிட்டது, யாரும் போகாமல் அடைக்க வேண்டும் என்று புகார் சொன்னார். பஸ் வந்தது. நான் ஏறப் போனேன், இழுத்து நிறுத்தினார்.

“இந்தச் சேத்துக் காலோடயா? நான் ஓட்டுற பஸ்ஸுல இப்படி ஏறுனீங்கன்னா நானே இறக்கி விட்டுருவேன்.”

நடந்தே வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த செழியனும் பவித்ராவும் தலைமுதல் கால்வரை சேறாக நின்ற எங்களைப் பார்த்து, அடிதடியே நடந்துவிட்டது என்று நினைத்து வெளிறிப் போனார்கள். லெட்சுமி செருப்பைக் கழற்றிக்கொண்டே, “துண்டு எடுத்துட்டு வா. உன் மாமியாருக்கு முதல்ல குடு,” என்றார். பவித்ரா நகராமல் நின்றாள். பிறகு ஓடினாள்.

இரவு வீட்டுக்காரரிடம் ஃபோனில் அந்தப் பள்ளத்தைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். குட்டி அருவியை, குடைவை, மடங்கி விழுந்த புல்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, கல்யாணம் என்னாச்சு?” என்றார்.

“அதுவா? அது முடிவாயிருச்சு.”

மறுநாள் காலை லெட்சுமியும் நானும் மறுபடி அங்கே போனோம். ஆரஞ்சு நிறத் தடுப்புகளை அதற்குள் வைத்துவிட்டார்கள். வெளியே நின்றே பார்த்தோம். வெயிலில் அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஆள் உயரத்துக்கும் மேலான ஆழம். நடுவில் ஒரு பிரதான பள்ளத்தாக்கு. இருபுறமும் கிளை ஓடைகள், கிளைகளுக்குக் கிளைகள், ஓர் இலையின் நரம்புகள்போல. மேல்பகுதி குறுகி, செங்குத்தாக. கீழ்ப்பகுதி அகன்று, தரை தட்டையாக. சிமென்ட் வாய்க்காலின் விளிம்புக்குக் கீழே தோண்ட முடியாமல் தண்ணீர் அங்கே பக்கவாட்டில் கரையைத் தின்றிருந்தது. வாய்க்கால் ஓரத்தில் விசிறி விரித்ததுபோல மண்: முதலில் கூழாங்கல், பிறகு பருமணல், கடைசியில் மாவுபோல வண்டல். யாரோ சலித்து வைத்ததுபோல இருந்தது. விமானத்தில் வரும்போது மேலிருந்து பார்த்த மலைத்தொடருக்கும் இதற்கும் அளவைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை.

தலை மேல்நோக்கி ஏறி வந்ததை லெட்சுமிக்குக் கையால் காட்டிச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

“அப்ப தண்ணி முன்னாடி போகுது, பள்ளம் ரிவர்ஸ்ல வருதா?”

இத்தனை வருடம் விவசாயிகளுக்கு எத்தனையோ விதமாக இதைச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக என்னால் சொல்ல முடிந்ததில்லை.

“கண்ணாடி பார்க்காம ரிவர்ஸ் வர்றது ரொம்ப மோசம்,” என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். கோயிலில் திரை விலகியதும் நிற்போமே, அப்படி.

அதன் பிறகு நாட்கள் வேகமாக ஓடின. சிராங்கூன் சாலையில் தாலிக்கொடி மாதிரிகள் பார்த்தோம். பவித்ராவுக்குப் பச்சை பிடிக்காது என்று தெரிந்துகொண்டேன். ரொட்டி பிராட்டாவைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடலாம் என்று செழியன் சொல்லிக் கொடுத்தான். ஒருநாள் இருவரும் சாலையைக் கடக்கும்போது அவன் என் கையைப் பிடித்தான். “அம்மா, நான் வரலன்னு கோவமா?” என்று கேட்டான். கோபம் இல்லை, ஆனால் வருத்தம் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அவன் கையை இறுக்கிக்கொண்டான்.

கிளம்புவதற்கு முந்தின மத்தியானம் லெட்சுமி ஓட்டும் பஸ்ஸில் ஏறினேன். அதுதான் நான் கேட்ட ஒரே சீர். ஓட்டும்போது பேசக் கூடாது என்பதால், ஏறும்போது தலையை மட்டும் அசைத்தார். முன்வரிசையில் உட்கார்ந்தேன். அவ்வளவு நீளமான வண்டியை அவர் இரண்டு கையால் மெல்ல உருட்டித் திருப்பும் அழகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் வானம் இருட்டி மழை கொட்டியது. கண்ணாடித் துடைப்பான்கள் வேகமெடுத்தன.

ஒரு பாலத்தின் மேல் சிவப்பு விளக்கு. பஸ் நின்றது. கீழே கால்வாய் கரை முட்ட ஓடியது. தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. நான் எழுந்து சன்னலோடு ஒட்டி நின்று பார்த்தேன். லெட்சுமியும் கழுத்தைத் திருப்பிக் கீழே பார்த்தார்.

“சம்பந்தி,” என்றார். ஓட்டத் தொடங்கியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. “இது எங்க இருந்து வர்ற மண்ணு?”

எனக்குத் தெரியவில்லை. மேலே எங்கேயோ, நாங்கள் பார்க்காத ஒரு சரிவில், இந்த நிமிடம் ஓர் ஓடைத்தலை ஏறிக்கொண்டிருக்கும். தண்ணீர் வரும் திசையில் கையைக் காட்டினேன். அவர் தலையசைத்தார். விளக்கு பச்சையானது.